வேலிக்கு ஓணான் சாட்சி: வியாசர்பாடியில இருந்து ஊட்டி வரைக்கும்

முதல் நாள், சனிக்கிழமை, வியாசர்பாடி

ஊட்டிக்கு ஓணான் பாக்கப் போறேன்னு சொன்னதுல இருந்து தெருவே என்ன ஒரு மாதிரி பாக்குது. எங்கம்மா நேராவே கேட்டுட்டாங்க, "இன்னாடா, நம்ம கால்வா ஓரத்துல இல்லாத ஓணானா, அதப் பாக்க துட்டு செலவு பண்ணிகினு மலமேல போணுமா"ன்னு. நியாயமான கேள்விதான், ஆனா பதில் சொல்லணும்னா ஒரு பழைய போட்டோல இருந்து ஆரம்பிக்கணும்.

போன மாசம் வெள்ளையடிக்க பீரோவ நகத்துனப்ப ஒரு ஆல்பம் கெடச்சுது, கல்யாணமான புதுசுல ஊட்டி போய் எடுத்ததுங்க. ஒரு போட்டோல எங்க வீட்டம்மா வாடகைக்கு எடுத்த ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு பச்ச வேலி முன்னாடி நிக்குது, மொகத்துல சிரிப்பே இல்ல, ஏன்னா அன்னிக்கு காலைல எனக்கும் அதுக்கும் சண்ட. நான் வெச்சிருக்கிறது மொபைல் சர்வீஸ் கடை, எதப் பாத்தாலும் போன்ல புடிச்சு ஸூம் பண்ணிப் பாக்குற வியாதி உண்டு, அப்படிப் பாக்கும்போது தோளுக்குப் பின்னாடி காஞ்ச இல மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஒரு கண்ணு இருந்துச்சு. எட்டாவது படிக்கிற எங்க பாப்பா எட்டிப் பாத்துட்டு, "அப்பா, இது நம்ம ஓணான் இல்ல, உடம்பெல்லாம் செதில் பெருசு பெருசா கீது பாரு"ன்னு சொல்லுச்சு.

அப்பறம் கடைக்கு சார்ஜிங் போர்ட் மாத்த வந்த ஒரு விலங்கியல் படிக்கிற பையன்கிட்ட காட்டுனேன். அவன் ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்துட்டு சாலியா ஹார்ஸ்ஃபீல்டிஐ அப்டின்னான். நீலகிரி மலைல, அதுவும் சுமாரா 1,800 மீட்டருக்கு மேல உசரத்துல வாழுற ஓணான், ஒலகத்துல வேற எந்த நாட்டுலயும் கெடயாதாம். போர்ட்டுக்குக் கூலி வாங்கல நான்.

சரி, மலைக்குப் போறதுக்கு முன்னாடி கண்ண பழக்கிக்கலாம்னு இன்னிக்குக் காலைல எங்க மச்சானக் கூட்டிக்கிட்டு கேப்டன் காட்டன் கால்வா ஓரமா நடந்தேன். மச்சான்னா வீட்டம்மாவோட தம்பி, ஆட்டோ ஓட்டுறான், என்கூட ஊட்டிக்கு வர்றதுக்கு அவன் சொன்ன ஒரே காரணம் "ஸ்வெட்டர் புச்சா வாங்கி வெச்சிகீறேன் மாமா, இங்க எங்க போடுறது"ங்கறதுதான்.

கால்வா ஓரத்துல சீமக்கருவேலம் மண்டிக் கெடக்கு. மூக்கப் பொத்திக்கிட்டு அர மணிநேரம் நடந்ததுல ஏழு ஓணான் எண்ணுனோம், அதுல நாலு முள்ளு மேல, ரெண்டு காம்பவுண்டு சொவத்துல, ஒண்ணு யாரோ தூக்கிப் போட்ட பிரிட்ஜ் டோர் மேல உக்காந்து தண்டால் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அது ஆம்பள. கொளுத்துற வெயில் ஆரம்பிச்சா அதுக்குக் கழுத்து ரத்தச் செவப்பா மாறிடும், அதப் பாத்துதான் வெள்ளக்காரன் ரத்தம் குடிக்கிறதுன்னு பேரு வெச்சான், நம்மாளுங்களும் தூரத்துல இருந்தே நம்ம ரத்தத்த உறிஞ்சும்னு நம்புனாங்க. ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, பொண்ணக் கூப்புடுறதும் பக்கத்து வேலிக்காரன மெரட்டுறதும்தான். 1802ல டோடான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதுக்கு கலோட்டஸ் வெர்ஸிகலர்னு பேரு குடுத்திருக்காரு, கடசி வார்த்தைக்கு நெறம் மாத்துறதுன்னு அர்த்தம்.

இங்க ஒண்ண ஒத்துக்கணும். சின்ன வயசுல இதே கரைல நாங்க பண்ணாத அக்கிரமம் இல்ல. தென்ன ஈர்க்கு நுனில சுருக்கு போட்டு மெதுவா தல மேல எறக்குவோம், அது பாட்டுக்கு சுருக்கையே மொறச்சுப் பாக்கும், ஓடாது, டக்குனு இழுத்தா மாட்டிக்கும். அப்பறம் ஆயாவோட மட்டைல இருந்து மூக்குப்பொடி திருடி அது வாயில வெச்சா தலை சுத்தி ஆடும், நாங்க சுத்தி நின்னு கை தட்டுவோம். இதுக்கு ஒரு நியாயமும் வெச்சிருந்தோம், சாமிக்குத் தாகம் எடுத்தப்ப அணிலு எளநி குடுத்துச்சாம், ஓணான் மூத்திரம் குடுத்துச்சாம், அதனால அணிலுக்கு முதுகுல தடவல், ஓணானுக்குக் கல்லடி. அடுத்த தெரு பாய் வீட்டுப் பசங்ககிட்டயும் இதே கதை இருந்துச்சு, தாகம் எடுத்தவரு மட்டும் வேற. கல்லடில ரெண்டு தெருவும் ஒண்ணாதான் நின்னோம்.

சாயங்காலம் ராயபுரத்துல பழைய ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு போன் டெலிவரி குடுக்கப் போனேன். 1856ல தொறந்தது, தென்னிந்தியாவோட மொத பயணிகள் ரயிலு அங்க இருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கெளம்புச்சு. பிளாட்பாரம் தாண்டி இருக்கிற புதருல இன்னும் ரெண்டு ஓணான். ஆக மொத்தம் ஒம்போது. பிராக்டீஸ் போதும்.

ராத்திரி ரயில் ஏறுறதுல ஒரு காமெடி. நீலகிரி எக்ஸ்பிரஸ் எங்க வீட்ட ஒட்டிதான் போவும், ஆனா ஏற சென்ட்ரலுக்குப் போணும், அங்க ஏறி உக்காந்தா பேசின் பிரிட்ஜ் தாண்டி பத்து நிமிஷத்துல வியாசர்பாடி ஜீவா வந்துடும், நிக்காது. மச்சான் கதவாண்ட நின்னு இருட்டுல எங்க தெருவப் பாத்து டாட்டா காட்டுனான். கட்டிக்கிட்டு வந்த அத்தோவ, அதான் பர்மா நூடுல்ஸ, அரக்கோணம் வர்றதுக்குள்ள முடிச்சாச்சு, எதிர் சீட்டு பெரியவரு பூண்டு வாசனைல ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.

ரெண்டாம் நாள், ஞாயிறு, மேட்டுப்பாளையம், ஊட்டி

மலை ரயிலுக்கு டிக்கெட் கெடைக்கல, பஸ்தான். பஸ்ல போறதால ஊட்டிக்குள்ள வண்டி போக வாங்குற இ-பாஸ் தொல்ல இல்ல, அது சொந்த வண்டி, வாடக வண்டில போறவங்களுக்குத்தான்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பின்னாடி டீ குடிக்கும்போது செவுத்து மேல ஒரு ஓணான். நம்ம ஊரு ஜாதியேதான். டீக்கடைக்காரரு நான் போட்டோ எடுக்கறதப் பாத்துட்டு, "ஏனுங்க, ஒடக்கானப் போயி போட்டோ புடிக்கறீங்க"ன்னாரு. ஒடக்கான்! மச்சானுக்கு அந்தப் பேரு ரொம்பப் புடிச்சுப்போச்சு, பஸ் பூரா எனக்கு அதுதான் பேரு. சங்க காலத்துல இத ஓதின்னு சொல்லுவாங்களாம், பாலை நெலத்துல வழி நடந்து போறவங்க அதோட சத்தத்துல சகுனம் பாப்பாங்களாம், முதுகு ரம்பம் மாதிரி இருக்கும்னு பாட்டுலயே இருக்காம், இது பாப்பாவோட தமிழ் டீச்சரு சொல்லி அனுப்புனது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் நின்னு பாத்து ரம்பம்னு சொல்லிருக்கான், நாங்க நின்னு பாத்து கல்லு எடுத்தோம்.

மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம் மீட்டரு உசரம். குன்னூரு 1,850. ஊட்டி 2,240. பதினாலு கொண்ட ஊசி வளைவு ஏறும்போது மச்சான் கண்ண மூடிக்கிட்டு சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கிட்டே வந்தான், நாளெல்லாம் எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ஆட்டோ ஓட்டுறவன். நான் ஜன்னல் வழியா மரம் மாறுறதப் பாத்துக்கிட்டு வந்தேன், பாக்கு, அப்பறம் காப்பி, டீ, அதுக்கும் மேல கற்பூர மரம், அதான் தைல மரம். இந்த ரோட்டுல எங்கயோ ஒரு எடத்துல நம்ம ஓணானோட எல்ல முடிஞ்சு நீலகிரிக்காரனோட எல்ல ஆரம்பிக்குது, கோடு கெடயாது, குளிருதான் கோடு.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நேரம் மண்டைக்குள்ள ஓடிச்சு. சாலியாங்கற பேரினத்துல ஒலகத்துல மொத்தமே ரெண்டு வகதான். ஒண்ணு நீலகிரில, இன்னொண்ணு ஆனமல, மூணாறு, பழனிமலப் பக்கம், ரெண்டுக்கும் நடுவுல பாலக்காட்டுக் கணவாய், முப்பது கிலோமீட்டருக்குப் பள்ளம், வெயிலு. குளிருக்குப் பொறந்தது அந்த வெயில்ல எறங்கித் தாண்ட முடியாது. அதாவது கடலு இல்லாமலே அதுங்க தீவுல மாட்டிக்கிட்டு இருக்குதுங்க, மல உச்சிதான் தீவு, நம்ம கோயமுத்தூரு வெயிலுதான் கடலு. ரெண்டும் தனித்தனியா மாறி மாறி இன்னிக்கு ரெண்டு வகையா நிக்குது. தெக்கத்தி ஆளுக்கு 1878ல பெட்டோம்ங்கற காட்டு ஆபீசரு பேரு வெச்சாரு, நீலகிரி ஆளுக்கு அதுக்கும் முன்னாடியே, 1845ல.

ரூம்ல பைய போட்டுட்டு நேரா அந்த போட்டோ எடுத்த எடத்துக்குத்தான் போனோம். போன்ல பழைய படத்த வெச்சுக்கிட்டு மேடு, பின்னாடி தெரியுற கூரை, ஒரு வளைஞ்ச மரம்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்து ஒரு மணிநேரம் அலஞ்சோம். எடம் கெடச்சுது. மரம் இருக்கு. கூரை இருக்கு. வேலி இல்ல. ஆளு உசரத்துக்கு சிமெண்டு சொவரு, மேல கண்ணாடிச் சில்லு பதிச்சு, உள்ள புதுசா காட்டேஜ். சொவத்த ஒட்டி மச்சான நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தேன், அவன் தோளுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல.

நைட்டு ரூம்ல கீசர் வேல செய்யல. ரெண்டு கம்பளி குடுத்தாங்க. மச்சான் புது ஸ்வெட்டரோடயே தூங்கிட்டான்.

மூணாம் நாள், திங்கள், ஊட்டி

காலைல ஆறு மணிக்கே எழுந்து வேலி வேலியா தேடுனது சுத்த முட்டாள்தனம்னு ஒம்போது மணிக்குத்தான் தெரிஞ்சுது. புல்லு மேல உறைபனி வெள்ளையா உப்பு தூவுன மாதிரி கெடக்கு, இதுல எந்த ஓணான் வெளிய வரும். டீக்கடைல வர்க்கிய நனச்சுத் தின்னுக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல ஒரு அண்ணன், அம்பது வயசு இருக்கும், காலடில வேலி வெட்டுற பெரிய கத்திரி. மேட்டுப்பாளையம் பக்கத்துல இருந்து வந்து முப்பது வருஷமா பங்களா தோட்டங்கள்ல வேல பாக்குறாராம். போட்டோவக் காட்டுனேன்.

"இதுங்களா? இதப் பாக்கோணும்னா பத்து மணி வெயில் அடிக்கோணுமுங்க. அதுக்கு மிந்தி நாயா அலஞ்சாலும் ஒண்ணையும் பாக்க முடியாதுங்க"ன்னாரு.

அப்பறம் அவரே வேல செய்யுற பக்கம் கூட்டிக்கிட்டுப் போனாரு. ரோட்டோரச் சரிவுல முழுக்க ஒரு முள்ளுப் புதர், எல முள்ளாவே இருக்கு, உச்சில மஞ்சப் பூ. கோர்ஸ்னு பேரு, வெள்ளக்காரன் அவன் ஊரு ஞாபகத்துக்கு வேலிக்காகக் கொண்டாந்தது. கைய உட்டா கிழிச்சிடும். பத்தே காலுக்கு வெயில் மேட்டுல இருந்து எறங்கி புதரோட உச்சியத் தொட்டுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்பறம் அண்ணன் கத்திரி மொனையால காட்டுறாரு, நான் பாக்குறேன், எனக்குத் தெரியல, "அந்த மூணாவது கொப்புங்க, பூவுக்குக் கீழ"ங்கறாரு, அப்பவும் தெரியல, மச்சான்தான் மொதல்ல "யோவ் மாமா, கீதுய்யா!"ன்னு கத்துனான்.

இருந்துச்சு.

உடம்பு என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும், வாலு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. நம்ம ஊரு ஓணானுக்குச் செதில் எல்லாம் வரிசையா ஓடு வேஞ்ச மாதிரி இருக்கும், இதுக்குப் பெருசும் சின்னதுமா கலந்து கரடுமொரடா, யாரோ அவசரத்துல ஓடு மாத்துன வீடு மாதிரி. பச்ச கலந்த சாம்பல், அதுல பழுப்புப் பட்ட. கழுத்து மேல முள்ளு முள்ளா கொண்ட நிமிந்து நிக்குது, அதனால ஆம்பள, பொம்பளைக்கு அது பேருக்குத்தான் இருக்கும். உடம்பு மீனு மாதிரி ரெண்டு பக்கமும் தட்ட. காசிமேட்டுல பாற மீன நிமித்தி வெச்சு அதுக்குக் காலு ஒட்ட வெச்சா எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

அந்தத் தட்ட உடம்பு எதுக்குன்னு அப்ப கண்ணு முன்னாடி புரிஞ்சுது. அது வெயிலுக்கு நேரா மொகத்தக் காட்டல, பக்கவாட்டுல திரும்பி விலாவ அப்படியே சூரியனுக்குக் குடுத்துச்சு, எங்க தெருவுல கருவாடு காய வெக்கிற மாதிரி, எவ்வளவு எடம் வெயில் படுமோ அவ்வளவும். வந்தப்ப கறுத்துப்போய் இருந்தது, கறுப்புல சூடு சீக்கிரம் ஏறும்ல, பதினஞ்சு நிமிஷத்துல மெல்ல மெல்ல வெளுத்து பச்ச எட்டிப் பாத்துச்சு. இதுங்க ரத்தத்துக்குச் சொந்தமா சூடு கெடயாது, வெயில்ல இருந்து கடன் வாங்கித்தான் ஓடணும், புடிக்கணும், செரிக்கணும். ராத்திரி பூச்சியத்துக்குப் போற ஊருல பகல்ல கெடைக்கிற நாலஞ்சு மணிநேர வெயில வெச்சுக்கிட்டு பொழப்பு நடத்துது. நம்ம கால்வா ஓரத்து ஆளுக்கு அந்தக் கவலையே இல்ல, அவன் பிரச்சன வெயிலு ஜாஸ்திங்கறதுதான், மத்தியானம் நெழலுக்கு ஓடுவான்.

சூடேறுனதும் வேட்ட. ஓடிப் புடிக்கிற ரகம் இல்ல, ஒரே எடத்துல சிலை மாதிரி உக்காந்திருக்கும், ஈயோ எறும்போ பக்கத்துல வந்தா ஒரு தாவு, திரும்ப அதே கொப்பு. அர மணிநேரத்துல மூணு தடவ பாத்தேன், ரெண்டு தடவ வாய் அசஞ்சுது, ஒரு தடவ ஏமாந்து போச்சு. மஞ்சப் பூவுக்கு ஈ வருது, ஈக்கு இது வருது, அதனாலதான் அந்தக் கொப்ப விட்டுப் போக மாட்டேங்குது, சாப்பாட்டுக் கடை வாசல்லயே குடியிருக்கு.

நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன், அது ஓடல, ஆனா நைசா கொப்போட அந்தப் பக்கம் சுத்திடுச்சு. நான் இடது பக்கம் போனா அது வலது பக்கம். தட்ட உடம்புக்கு இன்னொரு வசதி இது, கொப்புக்குப் பின்னாடி போனா ஆளே தெரியாது. மச்சான் அந்தப் பக்கம் போய் நின்னான், ரெண்டு பக்கமும் ஆளுன்னதும் அது புதருக்குள்ள தண்ணி மாதிரி எறங்கிப் போயிடுச்சு, அந்த முள்ளுக்குள்ள. நம்ம கை போகாத எடம், பருந்து கால் போகாத எடம், பூன போகாத எடம்.

"புடிக்கட்டுங்களா"ன்னு அண்ணன் கேட்டாரு. வேணாம்ணான்னேன். கை அரிச்சுது, பொய் சொல்லல, அந்த நேரத்துல ஈர்க்கு சுருக்கு ஞாபகம் வந்துச்சு, இதுவும் அதே மாதிரிதான் சுருக்க மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கும்னு தெரியும்.

மதியம் வரைக்கும் அந்தச் சரிவுல பதினொண்ணு பாத்தோம், அதுல நாலு பொம்பள, ஒண்ணு குட்டி, தீக்குச்சிக்குக் கண்ணு வெச்ச மாதிரி. முள்ளு எங்க அடர்த்தியோ அங்கதான் ஜாஸ்தி. பக்கத்துலயே தைல மரத்தோப்பு ஒண்ணு இருந்துச்சு, கீழ புல்லு பூண்டு இல்லாம சுத்தமா, அதுல ஒண்ணு கூட இல்ல.

ரோட்டுல ஒண்ணு நசுங்கிக் கெடந்தது, அதையும் எண்ணுனா பன்னெண்டு. தாரு ரோடு சீக்கிரம் சூடாகும், அதுல வந்து காயுங்க, வண்டிக்காரன் என்ன பண்ணுவான், அவனுக்கு அது காஞ்ச இல.

பேரு விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. 1845ல பேரு வெச்சவரு ஜான் எட்வர்டு கிரே, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காரரு. ஹார்ஸ்ஃபீல்டுங்கறது தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு, அமெரிக்காவுல பொறந்த டாக்டரு, ஜாவால வருஷக்கணக்கா இருந்துட்டு அப்பறம் லண்டன்ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி மியூசியத்தப் பாத்துக்கிட்டவரு. நீலகிரி ஓணானுக்கு ஜாவா டாக்டரு பேரு. முப்பது வருஷமா அதோட வேலியப் பாத்து வெட்டுற அண்ணனுக்கு இந்தப் பேரச் சொன்னேன், ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே கத்திரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

நாலாம் நாள், செவ்வாய், ஊட்டி

மூடுபனி. தொட்டபெட்டா போனோம், 2,637 மீட்டரு, நீலகிரிலயே ஒசந்த எடம், ஒண்ணும் தெரியல, எதிர்ல நிக்கிற மச்சானே தெரியல. ஓணான் பூச்சியம். பதினொரு மணிக்கு அதே சரிவுக்கு வந்தோம், நேத்து பதினொண்ணு இருந்த எடத்துல ஒண்ணு கூட இல்ல. வெயில் இல்லாத நாள்ல அதுங்களுக்கு கடைக்கு லீவு.

ஒரு கீச்சான் மட்டும் ஒயர் மேல உக்காந்திருந்துச்சு. அதுக்குக் கீழ முள்ளுல ஒரு வெட்டுக்கிளிய குத்தி வெச்சிருந்தது, கறிக்கடைல தொங்க விட்ட மாதிரி. இந்தப் பறவைக்கு அதுதான் பழக்கம், சின்ன ஓணான் கெடச்சாலும் விடாது. புதரு அதுக்குக் கசாப்புக் கடை, ஓணானுக்குக் கோட்ட, ரெண்டும் ஒரே முள்ளு.

அண்ணன் வந்தாரு. இந்தச் சரிவும் வெட்டப் போறாங்களான்னு கேட்டேன். வெட்டுவாங்க போலங்க, இது வெளிநாட்டுச் செடி, நம்ம புல்லுவெளிய முழுங்குதுன்னு சொல்றாங்கன்னாரு. சொல்றவங்க தப்பாவும் சொல்லல. நீலகிரி உச்சில ஒரு காலத்துல புல்வெளியும் நடுநடுவுல சோலையும்தான் இருந்துச்சு, சீகைங்கற வாட்டில் மரம், தைலம், கோர்ஸ்னு வெளில இருந்து வந்ததுங்க அந்தப் புல்வெளியத் தின்னுட்டு நிக்குது. புல்லு போனா வரையாட்டுக்கு மேய்ச்சல் போச்சு. அரசாங்கம் 2022ல அன்னியச் செடிங்கள எடுக்கறதுக்குன்னே கொள்கை கொண்டாந்துச்சு, எடுக்கத்தான் வேணும்.

ஆனா இந்த ஓணான் சோலை ஓரத்துப் புதர்ல வாழ்ந்த ஜீவன். சோலை சுருங்குச்சு, அது வேலிக்கு வந்துச்சு, கோர்ஸ் வந்துச்சு, அதுல குடியேறுச்சு. பட்டா கேட்டுக்கிட்டா குடி போகும், அடர்த்தியா இருக்கா, முள்ளு இருக்கா, ஈ வருதா, அவ்வளவுதான் அதுக்குக் கணக்கு. புதர எடுக்குறவங்க ஒரே நாள்ல மொட்ட அடிக்காம, பக்கத்துல சோலைச் செடியோ வேற அடர்த்தியான வேலியோ தழைய விட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா அது நகந்து போவும். இது என் அபிப்பிராயம், நான் போன் ரிப்பேர் பண்றவன். ஆனா காம்பவுண்டு சொவரு கட்டுறவனுக்கு எந்த அபிப்பிராயமும் தேவயில்ல, அது நேரா கொல. "வேலிக்கு ஓணான் சாட்சி"ன்னு சும்மா சொல்லிவெக்கல நம்மாளுங்க, சாட்சி சொல்ல வேலி வேணும்ல.

மச்சான் இதெல்லாம் கேட்டுட்டு ஒண்ணு சொன்னான். "அப்ப நம்ம சீமக்கருவேலம்?"

அதுக்கு நான் பதில் சொல்லல. பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு.

அஞ்சாம் நாள், புதன், வியாசர்பாடி

காலைல ஆறரைக்கு சென்ட்ரல். ரயில விட்டு எறங்குனதுமே ஸ்வெட்டர் கழட்டுனான் மச்சான், இனி எப்ப போடுவானோ.

ரூமுக்கு, டீக்கு, பஸ்ஸுக்குன்னு ஆன செலவு எங்கம்மா நெனச்சதுக்கு மேலதான், அத இங்க எழுதப் போறதில்ல. கடைய பதினோரு மணிக்குத் தொறந்துட்டு ஒரு மணிக்கு பாப்பாவோட கால்வாய்ப் பக்கம் போனேன், அதுக்கு ஸ்கூல் அர நாள். மச்சான் கேட்ட கேள்வி ரயில்ல தூங்க விடல. சீமக்கருவேலமும் வெளிநாட்டுதான், தென்னமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துது, பேருலயே சீமை இருக்கு. நெலத்தடித் தண்ணிய உறிஞ்சுதுன்னு ஊரே திட்டுது, கோர்ட்டுலயே புடுங்கச் சொன்னாங்க. ஊட்டில கோர்ஸ் மேல ஓணானப் பாத்து நான் பரிதாபப்பட்டேனே, அதே கத என் வீட்டு முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கு, பொறந்ததுல இருந்து பாக்குறேன், உறைக்கல.

போய்ப் பாத்தா ஒரு பக்கக் கரைல ஜேசிபி நிக்குது. தூர் வாருறாங்க, மழைக்கு முன்னாடி வாரித்தான் ஆகணும், இல்லன்னா டிசம்பர்ல தண்ணி எங்க வீட்டு அடுப்புல ஏறும், அதையும் ரெண்டு தடவ பாத்தாச்சு. நாப்பது அடி நீளத்துக்கு முள்ளு போயிருந்துச்சு. சனிக்கிழமை அந்த நாப்பது அடில மூணு ஓணான் எண்ணிருந்தோம்.

பாப்பாதான் கண்டுபுடிச்சுது. மூணும் எங்கயும் ஓடிப் போகல. ஒண்ணு ஈபி பாக்ஸ் மேல, ஒண்ணு பாலத்துக் கைப்புடில, ஒண்ணு சாப்பாட்டுக்கு நிறுத்தி வெச்சிருந்த ஜேசிபியோட வாளிப் பல்லு மேலயே ஏறி உக்காந்து தண்டால் எடுக்குது. நம்ம ஊரு ஆளுக்கு அந்தத் தைரியம் இருக்கு, சொவருன்னா சொவரு, இரும்புன்னா இரும்பு, சாக்கடக் கரையோ சுடுகாடோ அவனுக்கு ஒண்ணுதான். இந்தியால இருந்து அந்தப் பக்கம் தாய்லாந்து தாண்டியும் அந்தச் சாதிசனம் பரவிக் கெடக்குறதுக்கு அதுதான் காரணம். மலக்காரனுக்கு அது முடியாது, குளிரையும் புதரையும் விட்டா அவனுக்கு வேற ஊரு இல்ல. ரெண்டு பேரும் பாக்க ஒண்ணு மாதிரிதான், குணம் வேற வேற.

அங்க நாலு பசங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தானுங்க, ஒருத்தன் கைல போன், வீடியோ எடுக்குறான். எவன்கிட்டயும் ஈர்க்கு இல்ல. "அண்ணா, இது கடிக்குமா?"ன்னு கேட்டான் ஒருத்தன். பத்து வயசு இருக்கும், கால்வாக் கரைல வளந்த பையன், ஓணான் கடிக்குமான்னு கேக்குறான். எனக்கு சந்தோஷப்படணுமா வருத்தப்படணுமான்னே தெரியல. கடிக்காது, புடிச்சாதான் கடிக்கும், புடிக்காதன்னு சொன்னேன். அவன் இன்னும் ரெண்டடி பின்னாடி போயிட்டான்.

சாயங்காலம் அம்மாகிட்ட ஊட்டி போட்டோவ டிவில போட்டுக் காட்டுனேன். கொண்டையோட அந்த ஆம்பள, பக்கவாட்டுல வெயில் காயுறது, முள்ளு ஒவ்வொண்ணும் தெளிவா. வீட்டம்மா அந்த மஞ்சப் பூவப் பாத்துட்டு, "இது அன்னிக்கு நாம சண்ட போட்ட எடம் இல்லியே"ன்னு கரெக்டா சொல்லிடுச்சு. அம்மா கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. நல்லா கீதா ஆயான்னு பாப்பா கேட்டுச்சு.

"சோக்கா கீது"ன்னாங்க. அப்பறம் என் பக்கம் திரும்பி, "இதுக்கும் மூக்குப்பொடி வெச்சியாடா?"